கள்ளிமுளையானைத் தொட்டியில் வளர்ப்பதும் பெருக்குவதும்

விருதுநகர் பக்கம் தங்கள் ஊர்க் கரட்டில் ஆடு மேய்ப்பவர்கள் கிள்ளித் தின்னும் கள்ளிமுளையானை மூன்று முறை வேரோடு பெயர்த்து வந்து சென்னை வீட்டு மாடியில் வைத்ததாகவும், மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் அடித்தண்டு கறுத்து அழுகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் செடி தொட்டிக்கு ஒத்துவருமா, வந்தால் பூக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த அளவில் தங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: பெயர்த்து வந்த செடி ஏன் அழுகியது, அதைப் பெருக்கப் போத்து (வெட்டி வைத்து வேர்பிடிக்கச் செய்யும் தண்டு) நல்லதா விதை நல்லதா, பூ வைக்க என்ன செய்ய வேண்டும். நான் தாவரவியல் படித்துக் கல்லூரியில் அதையே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மதுரையில் என் வீட்டு மாடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் செடியையும் இதன் உறவினங்கள் சிலவற்றையும் வளர்த்து வருகிறேன். நூலறிவாக உறுதியானதையும் என் மாடியில் மட்டும் கண்டதையும் இயன்றவரை பிரித்தே சொல்கிறேன். மதுரையின் வறண்ட காற்றும் சென்னையின் கடற்காற்றும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

முதலில் தாங்கள் கொண்டுவந்தது எது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பெயரில் கள்ளி இருந்தாலும் கள்ளிமுளையான் கள்ளி இனத்தைச் சேர்ந்ததன்று. சதுரக்கள்ளியையும் திருகுகள்ளியையும் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான கேடு விளைவிக்கும். கள்ளிமுளையானைக் கிள்ளினால் பால் வராது, தண்ணீர் போன்ற நிறமற்ற சாறுதான் கசியும். இது எருக்கின் உறவு. எருக்குக் குடும்பம் என்று முன்பு தனியே வைத்திருந்ததை இப்போது அரளிக் குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இதன் அறிவியல் பெயர் காரல்லுமா அட்செண்டென்ஸ். தண்டு நான்கு பட்டையாக, விரல் பருமனுக்கும் குறைவாக, சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். நுனியை நோக்கிச் செல்லச் செல்ல எலிவால் போல மெலியும். பட்டைகளின் விளிம்பில் இளம்பருவத்தில் கடுகளவு இலைகள் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். இதே கரடுகளில் தடித்த தண்டுடன், உச்சியில் கருஞ்சிவப்புப் பூக்கள் பந்துபோலக் கொத்தாகப் பூத்துத் துர்நாற்றம் வீசும் இன்னொரு செடியும் உண்டு. அது பவுசிரோசியா அம்பெல்லேட்டா. வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் பூக்கும் விதம் வேறு என்பதால் இதைச் சொல்கிறேன்.

இந்தச் செடியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெருநூலின் முதல் தொகுதியில், 1795-இல், இதை ஸ்டபீலியா என்ற ஆப்பிரிக்கச் செடிகளின் பேரினத்தில் சேர்த்துப் படத்துடன் பதிவு செய்தார். அவர் குறித்து வைத்த தெலுங்குப் பெயரைக் கொண்டே பின்னர் ராபர்ட் பிரவுன் காரல்லுமா என்ற பேரினப் பெயரை அமைத்தார். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வளரும் செடிகள்கூட நம் பக்கத்து மொழியின் ஊர்ப்பெயரைச் சுமந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். 1931-இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் கிரேவ்லியும் மயூரநாதனும் இந்தியக் காரல்லுமாக்களை ஆராய்ந்து எழுதினார்கள். பூ சற்றே வேறுபடும் பல வடிவங்களை இந்த ஒரே இனத்தின் வகைகளாக அடக்கியவர்கள் அவர்கள்தான். அவற்றைத் தனித்தனி இனங்களாகக் கொள்ள வேண்டும் என்போர் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே தங்கள் செடியை ஒருவர் ஃபிம்பிரியேட்டா என்றும் மற்றொருவர் அட்டெனுவேட்டா என்றும் அழைத்தால் குழம்ப வேண்டாம். தொட்டியில் வளர்ப்பதற்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செடி ஏன் அழுகியது என்பதற்கான விடை அது கரட்டில் எங்கே நிற்கிறது என்பதிலேயே இருக்கிறது. அடுத்த முறை போகும்போது குனிந்து பாருங்கள். வெட்டவெளியில் அது அரிதாகவே நிற்கும். சூரை, காரை, இண்டு, கிளுவை போன்ற முட்புதர்களின் அடியில், ஆட்டின் வாய் எட்டாத இடத்தில், சிதறிய வெயிலில், பாறை உடைந்த பருக்கைக்கற்களின் நடுவே நிற்கும். கள்ளிக்குள் முளைப்பதால்தான் கள்ளிமுளையான் என்ற பெயரே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் ஊகம் மட்டுமே. வேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் படர்ந்து, மழை பெய்த ஓரிரு நாளுக்குள் கிடைத்த நீரை உறிஞ்சித் தண்டில் சேமித்துக்கொள்ளும். அதன்பின் அந்த மண் முழுவதும் காய்ந்துவிடும். அந்தக் காய்ச்சல்தான் வேரைக் காப்பாற்றுகிறது. தாங்கள் செய்ததாக எழுதியிருப்பதோ இதற்கு நேர்மாறு. பெயர்க்கும்போது வேர்கள் அறுந்திருக்கும். அறுந்த வேரோடு அன்றே நட்டு, தென்னைநார்க் கழிவு கலந்த கலவையில் வைத்து, வாடியிருக்கிறதே என்று நாள்தோறும் நீர் ஊற்றியிருக்கிறீர்கள். அறுந்த இடம் ஆறுவதற்கு முன் ஈரம் பட்டால் பூஞ்சைக்கு அதுவே வாசல். அடி கறுத்து, தண்டு கூழாகி, மேலே பச்சையாகவே இருந்த செடி ஒரு நாள் காலையில் சாய்ந்து கிடந்தது என்ற தங்கள் விவரிப்பு அடியழுகலுக்கு அப்படியே பொருந்துகிறது. இதில் எனக்கு ஐயமில்லை. வேர்கள் உறிஞ்ச இயலாத நிலையில் இருப்பதால் தண்டு சுருங்குகிறது. அதைத் தாகம் என்று எண்ணி நீர் ஊற்றுவதுதான் இந்தச் செடிகள் மாடித்தோட்டங்களில் சாவதற்கு முதற்காரணம்.

எனவே மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான் பயன்படுத்துவது இரண்டு பங்கு அரிசிமணி முதல் பட்டாணி வரை பருமனுள்ள கருங்கல் சில்லு, ஒரு பங்கு உடைத்த செங்கல், ஒரு பங்கு செம்மண், அரைப்பங்கு நன்கு மட்கிய இலைமக்கு. எம்-சாண்ட் எனப்படும், கல்லை உடைத்துச் செய்த மணல் கிடைத்தால் சில்லுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். ஆனால் அதிலுள்ள கல்மாவை மூன்று நான்கு முறை அலசிப் போக்காவிட்டால் காய்ந்ததும் சிமெண்டுபோல இறுகிவிடும். தென்னைநார்க் கழிவு வேண்டாம். அது நனைந்தால் நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தொட்டி சுட்ட மண்ணால் ஆனதாக, ஆழம் குறைந்து அகன்றதாக இருக்கட்டும்; ஐந்து அங்குல ஆழம் போதும். கலவை சரியா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தொட்டி நிறைய நீர் ஊற்றினால் அது தேங்கி நிற்காமல் சில நொடிகளில் அடித்துளை வழியாக ஓடிவிட வேண்டும். மூன்றாம் நாள் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகி எடுத்தால் அதில் மண் ஒட்டக்கூடாது. சென்னையில் காற்று ஈரமாக இருப்பதால் நான் சொன்ன அளவைவிடச் சில்லு ஒரு பங்கு கூடுதலாக இருப்பது நல்லது.

இனிப் போத்து. இந்தச் செடியைப் பெருக்க மிக எளிய, மிக உறுதியான வழி இதுவே. முழுப் புதரைப் பெயர்ப்பதைவிட ஒரே ஒரு தண்டைப் போத்தாக எடுத்து வைத்தால் வெற்றி வாய்ப்பு அதிகம். தண்டைத் தேர்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். நுனியில் மெலிந்திருக்கும் எலிவால் பகுதி பூப்பதற்கென்றே வளர்வது. பூத்து முடிந்ததும் அது காய்ந்து உதிரும். அதைக் கிள்ளி வைத்தால் வேர் பிடிப்பது அரிது. அடிப்பகுதியிலிருந்து கிளம்பும், ஒரே பருமனாக உள்ள, சென்ற மழைக்கு வளர்ந்து முற்றிய தண்டே தேவை. அது தாய்த்தண்டோடு சேரும் இடம் இடுப்புப்போலக் குறுகியிருக்கும். அந்த இடத்தில் வெட்டினால் காயத்தின் பரப்பு மிகச் சிறிதாக இருக்கும், விரைவில் ஆறும். கத்தியை நெருப்பில் காட்டியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ பயன்படுத்துங்கள். வெட்டிய தண்டைச் செய்தித்தாளில் பரப்பி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் ஏழு முதல் பத்து நாள் வரை விட்டுவிடுங்கள். வெட்டுவாய் முதலில் ஈரமாக மினுங்கும், பிறகு வெளுக்கும், கடைசியில் காய்ந்த தோல்போலச் சுருங்கி உள்வாங்கும். விரல்நகத்தால் தட்டினால் கடினமாக இருக்க வேண்டும். அதுவரை நடக்கூடாது. தண்டு சற்று வாடினாலும் கவலைப்பட வேண்டாம்.

நடுவது என்று சொன்னேன். உண்மையில் இதை நடுவதைவிடக் கிடத்துவதே நல்லது. நிமிர்த்தி ஆழமாகச் செருகினால் புதைந்த பகுதி முழுவதும் ஈரத்தில் நிற்கும். மாறாக, தண்டைக் கலவையின் மேல் படுக்க வைத்து, அது உருளாதபடி இரண்டு கற்களை அண்டை கொடுத்துவிட்டால், மண்ணைத் தொடும் பட்டையிலிருந்தே வேர்கள் கிளம்பும். சில வாரங்களில் அதன் மேற்பட்டையிலிருந்து புதிய தண்டுகள் நிமிர்ந்து எழும். முதல் வாரம் நீரே வேண்டாம். பிறகு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை தண்டைச் சுற்றியுள்ள கலவையில் கொஞ்சமாகத் தெளித்தால் போதும். என் மாடியில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேர் வந்துவிடுகிறது. மெல்லத் தூக்கிப் பார்த்தால் கையை எதிர்த்து இழுக்கும், அதுதான் அடையாளம். வேர்த்தூண்டு தூள்களை நான் பயன்படுத்தியும் பயன்படுத்தாமலும் பார்த்தேன், குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவுவதும் அப்படித்தான். தடவுவதில் தீங்கில்லை, ஆனால் காப்பாற்றுவது மஞ்சள் அன்று, பத்து நாள் உலர்த்தல்தான் என்பது என் கருத்து. காலத்தைப் பொறுத்தவரை ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் போத்து வைப்பதே எனக்குச் சிறப்பாகப் பலித்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நடுவில் வைத்தவற்றில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறேன்.

வேர் பிடித்த செடிக்கு எப்போது நீர் ஊற்றுவது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தண்டைப் பாருங்கள். நீர் நிறைந்த தண்டில் பட்டைகளுக்கு இடையேயுள்ள பள்ளம் ஏறத்தாழத் தட்டையாக இருக்கும். நீர் குறையக் குறையப் பள்ளம் ஆழமாகும். பள்ளம் ஆழமான பின் நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடி ஆழமாகும்வரை மறந்துவிடலாம். என் செடிகளுக்கு வளர்காலத்தில் இது வாரம் ஒரு முறையாகவும், மார்கழி, தை மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாகவும் அமைகிறது. தொடர்மழை நாட்களில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுவேன். காற்றோட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை, இங்கே தண்டிலுள்ள துளைகளை, மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி அமிலமாகச் சேமித்துவைப்பவை. பகல் வெளிச்சத்தில் அந்த அமிலம் செலவாகிவிடும். விடியற்காலையில் கிள்ளிய தண்டைக் கடித்துப் பார்த்தால் நன்றாகப் புளிக்கும். மாலையில் கிள்ளியது அவ்வளவு புளிக்காது. என் மாணவர்களுக்குப் பாடத்தை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே இரவில் இதைச் சுற்றிக் காற்று ஓட வேண்டும். மாலையில் தண்டின் மேல் நீர் தெளித்து, மூடிய பால்கனிக்குள் பிற செடிகளின் நெரிசலில் வைப்பது நல்லதன்று.

பூவைப் பற்றி ஆவலோடு கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாகத் தொட்டியில் பூக்கும். வேர் பிடித்த போத்து அடுத்த மழைக்காலத்திலோ அதற்கடுத்ததிலோ பூக்கிறது. என் மாடியில் புரட்டாசியும் ஐப்பசியும்தான் பூக்காலம். மெலிந்த நுனித்தண்டின் கணுக்களில் ஒன்றிரண்டாக, கீழ்நோக்கித் தொங்கும் சிறு மணிகளைப் போலப் பூக்கும். என்னிடமுள்ள வகையில் இதழ்கள் கருஞ்சிவப்பு, அடியில் மஞ்சள் வரிகள். ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் மெல்லிய மயிர்கள் வரிசையாக இருக்கும்; நாம் உணராத காற்றுக்கும் அவை இடைவிடாது நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தைப் பார்க்கவே நான் காலையில் கையில் லென்சோடு மாடி ஏறுவதுண்டு. அதைச் சுற்றிச் சிறு ஈக்கள் மொய்க்கும், அவைதான் மகரந்தத்தைக் கடத்துபவை. பூக்காமல் போவதற்கு நான் கண்ட காரணங்கள் மூன்று. முழு நிழலில் வைத்தால் தண்டு நீளும், பூ வராது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரமிட்டால் தண்டு கொழுத்து மென்மையாகி அழுகலுக்கு இடம் கொடுக்கும். வளர்காலத்தில் இரண்டு முறை நீர்த்த மண்புழு உரநீர் கொடுத்தால் போதும். மூன்றாவது, துவையலுக்கென்று நுனியைக் கிள்ளுவது. பூ வரவேண்டிய இடமே அந்த நுனிதான் என்பதால் ஆவணி முதல் கார்த்திகை வரை கிள்ளாதீர்கள்.

விதையிலிருந்து வளர்ப்பதும் இயலும், ஆனால் பொறுமை வேண்டும். எருக்கைப் போலவே இதன் மகரந்தமும் தூளாக இராமல் இரண்டு பொதிகளாகக் கவ்வியோடு இணைந்திருக்கும்; ஈயின் உறுப்பில் அந்தக் கவ்வி மாட்டி, அடுத்த பூவின் ஒடுங்கிய பிளவுக்குள் சரியாக நுழைந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் நூறு பூ பூத்தாலும் காய் ஒன்றிரண்டுதான். என்னிடம் ஒரே தாய்த்தண்டிலிருந்து வந்த செடிகள் மட்டும் இருந்த ஆண்டுகளில் ஒரு காய்கூட வரவில்லை. வேறொரு கரட்டிலிருந்து வந்த போத்து பூத்த ஆண்டில்தான் வந்தது. தன் மகரந்தத்தை இது ஏற்பதில்லை என்று இதைக்கொண்டு நான் கருதுகிறேன், எனினும் ஒரு மாடியின் அனுபவத்தை எல்லா வகைகளுக்கும் விதியாக்க மாட்டேன். காய் கொம்புபோல இரட்டையாக, மெலிந்து நீண்டு நிமிர்ந்திருக்கும். பல மாதம் அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று வெடிக்கும். வெடித்தால் பட்டுக்குஞ்சம் கட்டிய விதைகள் ஒரே காற்றில் போய்விடும். ஒரு முறை மதிய உணவுக்கு இறங்கிவிட்டு வந்து பார்த்தபோது வெறும் தோடுதான் மிஞ்சியிருந்தது. அதிலிருந்து காய் பழுப்பு நிறமாகத் தொடங்கியதும் மெல்லிய மல் துணியில் பை தைத்து மாட்டிவிடுகிறேன். விதையைப் பறித்த சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும், நாட்பட்டால் முளைப்புத் திறன் சரியும். சலித்த கலவையின் மேல் தூவி, மணலை மெல்லிதாகப் போர்த்தி, தொட்டியை நீர்த்தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாற்றுக்கு மட்டும் முதல் இரண்டு மாதம் மண் முற்றும் காயக்கூடாது, நேர்வெயிலும் ஆகாது. பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

நோயில் அஞ்ச வேண்டியது அழுகல்தான். அடி கறுத்ததைக் கண்டவுடன் செடியைப் பிடுங்கி, கறுத்த பகுதிக்கு மேலே வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் நோய் உள்ளே ஏறியிருக்கிறது என்று பொருள்; வெட்டுமுகம் முழுவதும் தூய இளம்பச்சையாகத் தெரியும்வரை மேலே மேலே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, மிஞ்சியதைப் போத்தாக உலர்த்துங்கள். நான்கு அங்குலம் மிஞ்சினாலும் செடி பிழைத்துவிட்டது என்றே கொள்ளலாம். காரணமில்லாமல் செடி வளராமல் நின்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுதும் உதறி, வேரைக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்த நீரில் நனைத்து, நான்கு நாள் உலர்த்திப் புதிய கலவையில் வையுங்கள். வேப்பெண்ணெயை வெயில் நேரத்தில் தண்டின் மேல் தெளித்தால் தோல் வெந்துபோகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கள்ளிமுளையான் பசியை அடக்கும் என்பது மேய்ச்சல் மக்கள் நெடுங்காலமாக அறிந்தது. 2007-இல் பெங்களூரில் 50 பேரைக் கொண்டு அதன் சாரத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்ததாக அதில் கண்டார்கள். உடல் எடையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் எடைக்குறைப்பு மாத்திரைகளில் இந்தச் செடியின் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது, எனக்குத் தெரிந்த சில கரடுகளில் மூட்டை மூட்டையாகப் பெயர்த்துச் சென்றபின் புதர்கள் வெறுமையாக நிற்பதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். எனவே நான்காம் முறை மண்வெட்டி எடுத்துச் செல்லாதீர்கள். வரும் ஆனியில் ஒரு சிறு கத்தி மட்டும் கொண்டுபோய், ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் இரண்டு புதர்களிலிருந்து தலைக்கு ஒரு தண்டு எடுத்துவாருங்கள். எது எந்தப் புதர் என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அப்போதுதான் பிற்காலத்தில் காய் பிடிக்கும். காட்டு இலாகாவின் காப்புக்காடாக இருந்தால் அதுவும் கூடாது. பட்டா நிலமாக இருந்தால் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய் வெடிக்கும் ஆண்டில் பையிலுள்ள விதைகளில் பாதியை மழைக்கு முன்பாக அதே கரட்டில், சூரைப் புதரின் அடியில், ஆடு நுழையாத பக்கமாகப் பார்த்துத் தூவிவிட்டு வாருங்கள்.